முகம் கண்டு நோய் சொன்னவர்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நாம் பிள்ளைப் பருவம் முதல் கேட்டுவரும் பழமொழி. அகத்தின் அழகு மட்டுமா முகத்தில் தெரிகிறது? தாயின் கருவில் இருந்த நாளிலேயே உடலுக்குள் நேர்ந்துவிட்ட மாறுதலும் சில குழந்தைகளின் முகத்தில் தெரிகிறது. அரிய நோய்கள் என்று மருத்துவர்கள் கணக்கிட்டவை ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை மரபணுக்களின் மாறுதலால் வருபவை. கண்களுக்கு இடையே உள்ள தொலைவு, மூக்குத்தண்டின் அமைப்பு, காது அமைந்திருக்கும் உயரம், மேலுதட்டின் வடிவம் ஆகியவற்றில் அவை பலவும் தம் அடையாளத்தைப் பதித்துவிடுகின்றன. இன்று அந்த அடையாளத்தைக் கணிப்பொறி படிக்கிறது. குழந்தையின் புகைப்படம் ஒன்றைக் காட்டினால் போதும். இன்ன இன்ன நோயாக இருக்கலாம் என்று வரிசைப்படுத்திச் சொல்கிறது.

நான் இங்கே முதுகலை வகுப்பில் உயிரியல் பயில்பவன். இந்தப் பொறியைப் பற்றி எங்கள் துறையில் ஒரு சிற்றுரை நிகழ்த்த வேண்டியிருந்தது. அதற்காக நூல்களைப் புரட்டியபோது, ஒரு மனிதரின் வாழ்க்கை என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. பொறி பிறப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த வேலையைத் தம் இரு கண்களால் செய்தவர் அவர். அவர் பெயரை அறியாதவர் இல்லை. ஆனால் அவரை அறிந்தவர் குறைவு. டவுன் சிண்ட்ரோம் என்னும் சொல்லில் உள்ள டவுன் என்பது கீழே என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் என்றே என் விடுதி நண்பர் சிலர் எண்ணியிருந்தனர். அது ஒரு மருத்துவரின் பெயர். ஜான் லாங்டன் டவுன் என்பது அவருடைய முழுப் பெயர்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் என்னும் பகுதி இருக்கிறது. அங்குள்ள டார்பாயின்ட் என்ற சிற்றூரில் 1828ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள் டவுன் பிறந்தார். தந்தை அவ்வூரில் மருந்துக்கடை நடத்திவந்தவர். பதினான்கு வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றது. மகன் கடையில் உட்கார்ந்து மருந்து கட்டத் தொடங்கினான். அந்தக் கடையோடு அவர் வாழ்வு முடிந்திருக்கலாம். முடியவில்லை.

1846ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு வெளியே சென்றிருந்தார். பெருமழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் வழியில் இருந்த ஒரு குடிசையில் ஒதுங்கினார்கள். அங்கே மனவளர்ச்சி குன்றிய ஒரு சிறுமி அவர்களுக்குப் பணிவிடை செய்தாள். இந்தப் பெண்ணுக்கு எதுவும் செய்ய முடியாதா என்ற கேள்வி பதினேழு வயது இளைஞரின் நெஞ்சில் தைத்தது. அன்று அவரிடம் விடை இல்லை. மழை நின்றது, அவர்கள் வீடு திரும்பினார்கள். கேள்வி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மழை நாளை அவர் ஒரு கூட்டத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அடுத்த ஆண்டு இலண்டனுக்குச் சென்றார். ஓர் அறுவை மருத்துவரிடம் வேலைக்கு அமர்ந்தார். புட்டி கழுவினார்; பல் பிடுங்கினார்; மருந்து கலந்தார். பின்னர் மருந்தியல் கழகத்தில் சேர்ந்து கரிம வேதியியலில் பரிசு பெற்றார். உடல்நலக் குறைவும் குடும்பக் கடமையும் இடையிடையே அவரை ஊருக்கு இழுத்தன. 1853இல் தந்தை மறைந்தார். அந்த ஆண்டுதான், இருபத்து நான்கு வயதில், இலண்டன் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார். நம்மில் பலர் பட்டம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று மலைக்கும் வயதில் அவர் முதல் வகுப்பில் போய் உட்கார்ந்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1856இல் தேர்ச்சி பெற்றார். அவர் வாங்கிய பரிசுகளைக் கண்டவர்கள், இவர் இலண்டனிலேயே பெரும்பொருள் ஈட்டும் மருத்துவராவார் என்று எதிர்பார்த்தனர்.

அவர் சென்றதோ வேறிடம். 1858இல் சரே மாவட்டத்தில் உள்ள ஏர்ல்ஸ்வுட் இல்லத்தின் மருத்துவக் கண்காணிப்பாளர் பதவியை ஏற்றார். அது மனவளர்ச்சி குன்றியவர்களுக்காக ஏற்பட்ட அறநிலையம். அன்று அதற்கு இட்டிருந்த பெயரை இன்று எழுதக் கை கூசுகிறது. மூளை நோய்களைப் பற்றி அப்போது கற்றவர்களும் பெரிதாக அக்கறை கொள்ளவில்லை. அந்த இல்லத்தின் நிலையைக் குறித்து அரசாங்கத்தின் மேற்பார்வையாளர்களே குறை கூறியிருந்தனர். டவுன் வந்தார். அடிப்பதை நிறுத்தினார். தூய்மையைக் கொண்டுவந்தார். மேசையில் அமர்ந்து உண்ணவும், தோட்ட வேலை செய்யவும், கைத்தொழில் பழகவும் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். தண்டனையால் வராத மாறுதல் பயிற்சியால் வந்தது.

ஆண்டுக்கணக்கில் நூற்றுக்கணக்கான முகங்களை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த அந்த வேளையில்தான் அவருக்குள் இருந்த அறிவியலாளர் விழித்துக்கொண்டார். மனவளர்ச்சிக் குறை என்று ஒரே பெயரால் எல்லாரையும் அடைத்துவைத்திருக்கிறோமே, இது ஒரே நோயா, பல நோய்களா என்று ஐயுற்றார். தலையின் சுற்றளவை அளந்தார். வாயைத் திறக்கச் செய்து அண்ணத்தின் அமைப்பை நோக்கினார். அதைப்பற்றி 1862இல் கட்டுரையும் எழுதினார். புகைப்படக்கலை அப்போது இளங்குழந்தை. அதையும் கற்றுக்கொண்டு, தம் இல்லத்துப் பிள்ளைகளைப் படம் பிடித்தார். மருத்துவத்தின் பொருட்டு எடுக்கப்பட்ட பழைய புகைப்படத் தொகுதிகளுள் அதுவும் ஒன்று.

அங்கே அவர் கண்ட காட்சி ஒன்று உண்டு. வேறு வேறு ஊர்களில், வேறு வேறு பெற்றோருக்குப் பிறந்த சில பிள்ளைகள், பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போலவே தோன்றினார்கள். தட்டையான அகன்ற முகம், சாய்ந்த கண், சிறிய மூக்கு, தடித்த நாக்கு. பிறரைப் பார்த்து நடித்துக் காட்டுவதிலும் நகைச்சுவையிலும் அவர்களுக்கு நாட்டம் மிகுதி. தெளிவில்லாத பேச்சை நாக்குக்குத் தரும் பயிற்சியால் திருத்தலாம். இந்த நிலை பிறந்த பின்பு வந்ததன்று, பிறவியிலேயே உள்ளது. இவற்றையெல்லாம் 1866இல் தம் மருத்துவமனை வெளியிட்ட இதழில் எழுதினார். பிரான்சு நாட்டு மருத்துவர் செகென் இத்தகைய பிள்ளைகளை முன்பே குறிப்பிட்டிருந்தார். ஆயினும் இவர்கள் தனி ஒரு வகையினர் என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் டவுன். பெற்றோர் வேறு, முகம் ஒன்று என்றால், அந்த முகத்துக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். மரபணு என்ற சொல்லே பிறக்காத காலத்தில் அவர் கண் அதைக் கண்டுகொண்டது!

கண் சரியாகக் கண்டது. ஆனால் கண்டதற்கு வைத்த பெயர் தவறிவிட்டது.

மனித இனத்தை ஐந்து குலங்களாகப் பிரித்த ஜெர்மானிய அறிஞர் புளூமென்பாக்கின் கருத்து அந்நாளில் ஓங்கியிருந்தது. ஐரோப்பியர் மேலே, மற்றவர் கீழே என்னும் ஏணியையும் அக்காலத்தார் மனத்தில் நட்டுவைத்திருந்தனர். டவுன் தம் பிள்ளைகளின் முகங்களை அந்த ஏணியில் வைத்துப் பார்த்தார். நோய் ஓர் ஐரோப்பியக் குழந்தையை வேறு குலத்தின் சாயலுக்கு இறக்கிவிடுகிறது என்று கருதினார். தாம் கண்ட தனி வகைக்கு மங்கோலிய மக்களின் பெயரைச் சூட்டினார். அதன் காரணம் பெற்றோரின் காசநோயாக இருக்கலாம் என்றும் ஊகித்தார். இரண்டும் பிழை.

இதில் ஒரு வியப்பும் உண்டு. அமெரிக்காவில் அடிமை முறையை ஒட்டி நடந்த உள்நாட்டுப் போர் முந்திய ஆண்டுதான் ஓய்ந்திருந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே உயிரினமே அல்லர் என்று வாதிட்ட அறிஞர்களும் இருந்தனர். டவுன் அந்த வாதத்தை எதிர்த்தவர். ஒரு நோய் குலங்களின் எல்லையைக் கடக்க முடியும் என்றால் அந்த எல்லை உறுதியானதன்று. ஆகவே மனித குலம் ஒன்றே என்பதுதான் அவர் கட்டுரையின் முடிவு. ஏற்றத்தாழ்வுள்ள ஏணியில் ஏறி ஒருமைப்பாட்டைப் பறிக்க முயன்றார். முடிவை உலகம் மறந்தது. பெயர் மட்டும் நின்றது. ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அந்தப் பெயர் குழந்தைகளின் மேல் வசையாய் விழுந்தது; ஒரு நாட்டு மக்களின் மேலும் விழுந்தது.

முகத்தைப் பார்த்து ஊரும் குலமும் சொல்லும் பழக்கம் இன்றும் ஒழியவில்லை. இந்த வளாகத்திற்கு நான் வந்த புதிதில், என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் என் மொழி, உணவு, குணம் எல்லாவற்றையும் அறிந்துகொண்டதாக நினைத்தவர்கள் பலர். வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்து பயிலும் நண்பர்கள் படும் பாடு இன்னும் பெரிது. சொந்த நாட்டிலேயே அவர்களை அயல்நாட்டார் என்று எண்ணுகிறார்கள். முகத்தை நோக்குவது ஒன்று; நோக்கும் முன்பே மனத்தில் ஏணியை நட்டுவைப்பது வேறொன்று. டவுன் வாழ்க்கையில் இரண்டும் அருகருகே இருக்கின்றன. ஆகவேதான் அவர் வாழ்க்கை நமக்குப் பாடமாகிறது.

டவுன் அந்தப் பிரிவினையிலேயே தேங்கி நிற்கவில்லை. 1887இல் இலண்டன் மருத்துவச் சங்கத்தில் ஆற்றிய பேருரைகளில், பிறவியில் வருவன, வளரும் பருவத்தில் தோன்றுவன, விபத்தாலோ நோயாலோ நேர்வன என்று காரணத்தை வைத்து மனவளர்ச்சிக் குறைகளை வகைப்படுத்தினார். பருத்த உடலும் தணியாத பசியும் கொண்ட ஒரு பெண்ணைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில், 1956இல், சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் விளக்கிய பிராடர்–வில்லி நோய் அதுவாக இருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். பெண்கள் உயர்கல்வி கற்றால் பிறக்கும் குழந்தைகளின் மூளை கெடும் என்று சில மருத்துவர்கள் பேசிய காலத்தில், அதை மறுத்துப் பெண்கல்விக்காக வாதாடியவரும் இவரே.

ஏர்ல்ஸ்வுட் நிருவாகத்தாரோடு அவருக்குப் பிணக்கு நேர்ந்தது. பிள்ளைகள் செய்த கைவேலைகளைப் பாரிசு நகரத்துப் பொருட்காட்சிக்கு அனுப்பும் செலவை ஏற்க அவர்கள் மறுத்தார்கள். 1868இல் டவுன் பதவியைத் துறந்தார். மனைவி மேரியோடு சேர்ந்து, இலண்டனுக்கு அருகே நார்மன்ஸ்ஃபீல்டு என்ற இல்லத்தைச் சொந்தமாகத் தொடங்கினார். கட்டணம் செலுத்தக்கூடிய செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட இல்லம் அது. ஏழைக் குழந்தைகளுக்கு அங்கே இடம் எளிதன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அன்றாட நிருவாகத்தைத் தாங்கியவர் மேரி அம்மையார். உணவு, பணியாளர், பிள்ளைகளின் கல்வி எல்லாம் அவர் கையில் இருந்தன. 1879இல் அந்த இல்லத்திற்குள் ஒரு நாடக அரங்கமே எழுந்தது! பார்த்து நடிப்பதில் வல்லவர்கள் என்று தாம் எழுதிய பிள்ளைகளுக்கு, நாடகத்தையும் இசையையும் பயிற்சியாகத் தந்தார் டவுன். அந்த அரங்கம் இன்றும் இருக்கிறது.

1896ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 7ஆம் நாள் டவுன் மறைந்தார். மருத்துவர்களான மைந்தர் இருவரும், ரெஜினால்டும் பெர்சிவலும், இல்லத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள். 1905இல் ரெஜினால்டுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பாட்டனாரின் பெயரையே வைத்தனர். அந்தக் குழந்தையின் முகத்தில் இருந்தது பாட்டனார் விவரித்த அதே அடையாளம். கதை எழுதுபவர்கூடக் கற்பனை செய்யத் தயங்கும் நிகழ்ச்சி இது. அடுத்த ஆண்டில் ரெஜினால்டு, மங்கோலிய முகத்தோடு காணப்படும் ஒற்றுமை மேலோட்டமானது, தற்செயலானது என்று தந்தையின் கருத்தை மறுத்துரைத்தார். பேரன் ஜான் நார்மன்ஸ்ஃபீல்டிலேயே வளர்ந்து, 1970 வரை வாழ்ந்தார்.

காரணத்தைக் காண இன்னும் அரை நூற்றாண்டு சென்றது. 1959இல் பிரான்சு நாட்டில் லெஜூன், மார்த் கோத்தியே அம்மையார், டுர்ப்பேன் ஆகியோர் இப்பிள்ளைகளின் உயிரணுக்களில் 46 குரோமோசோம்களுக்குப் பதில் 47 இருப்பதை வெளியிட்டனர். கூடுதலாக இருப்பது 21ஆம் குரோமோசோம். இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. காசநோயும் இல்லை, குலமும் இல்லை. எல்லா நாட்டிலும் எல்லாக் குலத்திலும் இத்தகைய குழந்தைகள் பிறக்கிறார்கள். 1961இல் அறிஞர் பத்தொன்பதின்மர், டவுனின் பேரர் நார்மனும் அவர்களுள் ஒருவராக, பழைய பெயரைக் கைவிடுமாறு இலண்டன் மருத்துவ இதழான லான்செட்டில் எழுதினர். மங்கோலிய நாட்டின் வேண்டுகோளை ஏற்று, 1965இல் உலக நலவாழ்வு நிறுவனம் அந்தப் பெயரை விலக்கியது. டவுனின் பெயர் நிலைத்தது.

இனி இன்றைய பொறிக்கு வருவோம். கருவில் முகம் உருவாகும் காலமும் மூளை உருவாகும் காலமும் ஒன்றை ஒன்று தழுவியவை. இரண்டையும் வடிவமைக்கும் மரபணுக்களில் பொதுவானவை பல. மூளையைத் தாக்கும் நோய்கள் பல முகத்திலும் வெளிப்படுவது இதனால்தான். ஆனால் இலட்சத்தில் ஒருவருக்கு வரும் நோயை ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் ஒரு முறையும் காணாமல் போகலாம். பெற்றோர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, மருத்துவமனை மருத்துவமனையாக ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். பொறிக்கு அந்தக் குறை இல்லை. பல்லாயிரம் முகங்களை அதற்கு முன்கூட்டியே காட்டிவிடலாம். அது புகைப்படத்தில் முகத்தைக் கண்டுபிடித்து, கண்ணின் கோடிகள், மூக்கின் நுனி, உதட்டின் ஓரம் முதலிய புள்ளிகளைக் குறித்து, முகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தான் முன்பு பார்த்த முகங்களோடு ஒப்பிடுகிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சார்ந்த எஃப்.டி.என்.ஏ. என்ற நிறுவனத்தார், 17,000க்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டு இருநூற்றுக்கும் மேற்பட்ட நோய்களைப் பொறிக்குக் கற்பித்து, அதன் முடிவை 2019இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியிட்டனர். சோதனைக்கு வைத்த 502 படங்களில் நூற்றுக்கு 91க்கு, உண்மையான நோய் பொறி சொன்ன முதல் பத்துப் பெயர்களுக்குள் இருந்தது. 2022இல் ஜெர்மனியின் பான் நகர ஆராய்ச்சியாளர்கள் ஒரு படி மேலே சென்றனர். நோய்க்குப் பெயரே தெரியாவிட்டாலும், எங்கோ உள்ள இரு குழந்தைகளின் முகங்கள் ஒத்திருப்பதை அவர்கள் பொறி எடுத்துக் காட்டும். பெற்றோர் வேறு, முகம் ஒன்று. டவுன் ஏர்ல்ஸ்வுட்டில் கண்டது இதுவே அல்லவா? பொறி சொல்வது ஊகம்தான். அதை மரபணுச் சோதனை உறுதி செய்ய வேண்டும். ஆனால் எங்கே தேடுவது என்று தெரிந்துவிட்டால் அலைச்சலில் பாதி குறைந்துவிடும்.

டவுனின் கண்ணை வரித்துக்கொண்ட பொறி, அவருடைய ஏணியையும் வரித்துக்கொண்டதோ என்று ஐயுறவும் இடம் உண்டு. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், டவுன் சிண்ட்ரோம் உள்ள பெல்ஜிய நாட்டுக் குழந்தைகளில் நூற்றுக்கு 80 பேரை அடையாளம் கண்ட பொறி, ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டுக் குழந்தைகளில் 37 பேரைத்தான் கண்டது. நோய் ஒன்றே, குரோமோசோம் ஒன்றே. பொறி கற்ற முகங்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய முகங்கள் என்பதே காரணம். ஆப்பிரிக்க முகங்களைச் சேர்த்துக் கற்பித்தபோது, அதே பொறி ஏறக்குறைய 95 பேரைக் கண்டுகொண்டது. குறை குழந்தைகளின் முகத்தில் இல்லை. நாம் எந்த முகங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறோம் என்பதில் இருந்தது. டவுன் வழுக்கி விழுந்த இடமும் அதுதான்.

தோழர்களே! நம்மில் மரபணுவியல் பயில்வோர் இருக்கிறார்கள். கணிப்பொறியியல் பயில்வோர் இருக்கிறார்கள். நாளை மருத்துவத் துறையோடு சேர்ந்து பணியாற்றப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இத்தனை மக்கள் வாழும் நம் நாட்டில், இத்தனை வகை முகங்கள் உள்ள நம் நாட்டில், நம் குழந்தைகளின் முகங்களைப் பொறிக்குக் கற்பிக்கும் பணியை நாமே செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்? அதைப் பெற்றோரின் இசைவோடு, குழந்தையின் மானத்திற்கு ஊறு நேராமல் செய்ய வேண்டும். படம் எடுக்கப்படும் பிள்ளை ஆராய்ச்சிப் பொருள் அன்று.

இன்னும் ஒன்று. டவுன் முகத்தைப் படித்தார்; பெயரிட்டார்; அந்தப் பெயர் உதிர்ந்துவிட்டது. அவர் அடிப்பதை நிறுத்தியதும், நாக்குக்குப் பயிற்சி தந்ததும், நாடக அரங்கம் கட்டியதும் உதிரவில்லை. நோயின் பெயரைச் சொல்லுகிற வேலையைப் பொறி ஒரு நொடியில் முடித்துவிடும். அந்தப் பெயரைக் கேட்டு நிற்கும் தாயின் முன்னால் அடுத்து என்ன செய்வது என்பதைப் பொறி சொல்லாது. அந்த வேலைக்கு மேரி அம்மையாரைப் போன்றவர்கள் வேண்டும். நம் ஊர்களில் அத்தகைய இல்லங்களும் பள்ளிகளும் எத்தனை இருக்கின்றன என்று இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒவ்வொருவரும் விசாரித்து வருவோமாக. குறைவாக இருந்தால், நாம் கற்ற கல்விக்கு அங்கே வேலை இருக்கிறது.